காலோட வேணுமா, மார்போட போதுமா

போன மாதம் தஞ்சாவூரில் ஒரு கல்யாண வரவேற்புக்குப் போயிருந்தேன். மேடைக்குப் பக்கத்தில் பெரிய திரை வைத்திருந்தார்கள். பெண்ணின் அப்பா காலமாகி ரொம்ப நாளாகிறது. திரையில் மேகம் விலகியது, அப்பா வந்தார், படியிறங்கினார், மகள் தலையில் கை வைத்தார், மாப்பிள்ளையைப் பார்த்துச் சிரித்தார். எல்லாம் கம்ப்யூட்டர் செய்த வேலை. மண்டபமே அழுதது. நானும் அழுதேன். ஆனால் அழுதுகொண்டே அவருடைய கால்களைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். பளபளவென்று பாலிஷ் போட்ட ஷூ, தரையில் அழுத்தமாக ஊன்றியிருந்தது. செத்தவருக்குக் கால் வைத்துவிட்டார்களே என்று மனசு பதறிப்போயிற்று.

அந்த வீடியோவைச் செய்தவர் நிவேதா. எங்கள் போட்டோகிராபர் சங்கத்தில் இப்போது முன்னால் நிற்கிறவர். பந்தியில் வந்து பக்கத்தில் உட்கார்ந்தார்.

"சார், இதெல்லாம் நீங்க அந்தக் காலத்துலயே கத்திரிக்கோலை வெச்சுப் பண்ணீங்களாமே. சங்கத்து மலருக்கு எழுதிக் குடுங்களேன்."

"அவருக்கு ஏம்மா கால் வெச்சீங்க?" என்று கேட்டேன்.

"கால் இல்லாம எப்படி சார் நடப்பாரு?" என்றார் நிவேதா. கேள்வி நியாயமானதுதான். பாயசம் வந்துவிட்டதால் பதில் சொல்ல முடியவில்லை. இங்கே சொல்லிவிடுகிறேன்.

என் அப்பா திருவையாற்றுக்குப் பக்கத்தில் குத்தகைக்கு நிலம் எடுத்துப் பயிர் செய்தவர். என்னை வயலில் இறக்கிவிட்டால் கையிலிருக்கும் நாற்றை விட்டுவிட்டு, தண்ணீரில் தலைகீழாகத் தெரியும் தென்னைமரத்தைப் பார்த்துக்கொண்டு நிற்பேன். இவனை நம்பினால் நடவு முடிந்த மாதிரிதான் என்று அப்பா முடிவுகட்டி, கூத்தாநல்லூரில் ஸ்டூடியோ வைத்திருந்த தன் சிநேகிதரிடம் கொண்டுபோய் விட்டார். அவரை ஊரே பாய் என்றுதான் கூப்பிட்டது. நானும் கடைசிவரை அப்படித்தான் கூப்பிட்டேன். தொழில் கற்ற கதையை நீட்டப்போவதில்லை. முதலில் கடையைப் பெருக்கினேன், அப்புறம் இருட்டறையில் தட்டுகளைக் கழுவினேன். பாய்க்குக் காய்ச்சல் வந்து படுத்த ஒரு நாளில் கேமராவைத் தொட்டேன். அதற்கப்புறம் யாரும் என்னைப் பெருக்கச் சொல்லவில்லை.

அப்போது கூத்தாநல்லூரில் பல வீடுகளில் ஆண்கள் ஊரில் இருக்க மாட்டார்கள். சிங்கப்பூர், மலேசியா, அப்புறம் துபாய். மனைவி, பிள்ளைகள், பெற்றோர் எல்லாரும் சேர்ந்து ஸ்டூடியோவுக்கு வருவார்கள். வெளிநாட்டிலிருந்து தபாலில் வந்த பாஸ்போர்ட் சைஸ் போட்டோ ஒன்று கூடவே வரும். அந்த ஆளையும் நடுவில் நிறுத்தி முழுக் குடும்பமாகப் படம் வேண்டும். முகம் மட்டும்தானே இருக்கிறது, உடம்புக்கு எங்கே போவது? நான் இருந்தேன். அவர்கள் வீட்டிலிருந்து கொண்டுவந்த சட்டையையும் கைலியையும் போட்டுக்கொண்டு நான் போய் நிற்பேன், பாய் படம் எடுப்பார். பிறகு என் தலையை எடுத்துவிட்டு அவர் தலையை வைப்போம். இன்றைக்கும் அந்த ஊரில் எத்தனையோ கூடங்களில் மாட்டியிருக்கும் படங்களில் குடும்பத்தலைவரின் கால்கள் என்னுடையவைதான். என்னுடைய தலைக்குத்தான் அங்கே மரியாதை கிடைக்கவில்லை.

காலமானவர்களைச் சேர்த்துக் கேட்டும் வருவார்கள். அதற்கு வேறு முறை. மேலே மூலையில், மார்பு வரைக்கும், சுற்றிலும் வெள்ளையாகக் கரைகிற மாதிரி வைப்போம். உயிரோடு இருப்பவர் எவ்வளவு தூரத்தில் இருந்தாலும் காலோடு தரையில் நிற்க வேண்டும். இறந்தவர் எவ்வளவு வேண்டியவரானாலும் தரையைத் தொடக் கூடாது. இது எந்தப் புத்தகத்திலும் இல்லை. ஆனால் இந்தப் பக்கத்து ஸ்டூடியோக்காரர்கள் எல்லாருக்கும் தெரியும், படம் பார்ப்பவர்களுக்கும் தெரியும்.

பாய் ஒருபோதும் வாடிக்கையாளரிடம் ஆள் இருக்காரா, இல்லையா என்று கேட்க மாட்டார். வந்தவர்களுக்கு முதலில் சர்பத் வரும். அவர்கள் குடித்து முடிக்கும்வரை எதுவும் பேச மாட்டார். பிறகு எழுந்துபோய் விளக்குக் கம்பத்தைத் திருகுகிற பாவனையில், முகத்தைப் பார்க்காமல் கேட்பார்: "காலோட வேணுமா, மார்போட போதுமா?" காலோடு என்றால் துபாய். மார்போடு என்றால் அவர் மெதுவாகத் தலையை ஆட்டிவிட்டு உள்ளே போய்விடுவார். வந்தவர்கள் அழுவதற்கு அவர் விடும் இடைவெளி அது.

இதைப் பொருட்படுத்தாத பக்கத்து ஊர் ஸ்டூடியோ ஒன்று, சிங்கப்பூரில் நல்லபடியாக இருந்த ஒருவரை மார்போடு மூலையில் வைத்துக் கொடுத்துவிட்டது. கால் சேர்க்கச் சோம்பல். படத்தைப் பார்த்த அவருடைய அம்மா மயங்கி விழுந்தார். அந்த வீட்டுப் பெண் படத்தைத் துணியில் சுற்றிக்கொண்டு பாயிடம் ஓடி வந்தார். பாய் படத்தைப் பார்த்துவிட்டு என்னைப் பார்த்தார். "போய் கைலியக் கட்டிக்கிட்டு வாப்பா, ஒரு ஆளுக்கு அவசரமா உயிர் குடுக்கணும்" என்றார்.

பாய் காலத்துக்குப் பிறகு தஞ்சாவூருக்கு வந்து சொந்தமாக ஸ்டூடியோ போட்டேன். கல்யாண வீடியோ வந்தது, நானும் கேமரா வாங்கினேன். ஆடியிலும் மார்கழியிலும் முகூர்த்தம் கிடையாது. கேமரா பெட்டிக்குள் தூங்கும். அந்த மாதங்களில் எனக்காகக் குறும்படங்கள் எடுத்தேன். நடவு நடக்கிற வயலுக்கு நடுவில் ஒரு கட்டிலைப் போட்டு, அதில் கல்யாணப் பெண்ணைத் தூங்க வைத்தேன். நட்டுக்கொண்டிருந்த பெண்கள் கொஞ்சமும் ஆச்சரியப்படவில்லை. "கட்டில சுத்தி நட்டுட்டுப் போறோம். அந்தப் பொண்ணைக் காலை ஆட்டாம படுக்கச் சொல்லுங்க, சேறு தெறிக்கும்" என்றார்கள். படத்தில் அது அப்படியே வந்திருக்கிறது. இன்னொரு படத்தில் பனி மூடிய வயல் நடுவே ஒரு கதவை மட்டும் நிறுத்தினேன். ஒருவர் பின் ஒருவராக வந்து, செருப்பைக் கழற்றிவிட்டு, கதவைத் தட்டிவிட்டு நிற்பார்கள். நிலத்துக்காரர் மட்டும் என்னைத் தனியாகக் கூப்பிட்டு, "பாக்குறவங்க நான் வீடு கட்ட ஆரம்பிச்சு முடிக்க முடியாம விட்டுட்டேன்னு நெனைக்க மாட்டாங்களா?" என்று கவலைப்பட்டார்.

இந்தப் படங்கள் எப்படியோ சென்னைக்குப் போயின. ஒரு பேராசிரியர் திரையிட்டு, இது சர்ரியலிசம் என்று சொன்னார். அந்த வார்த்தை என் வாயில் நுழையவே ஒரு வாரம் ஆயிற்று. எங்கள் ஸ்டூடியோவில் அதற்கு ட்ரிக் வேலை என்று பெயர். "உங்க படங்கள்ல எப்பவும் தண்ணியும் பனியும் வருதே, அதுக்கு என்ன உள்ளர்த்தம்?" என்று கேட்டார். "ஆடியில தண்ணி வரும்ங்க, மார்கழியில பனி வரும்ங்க. மத்த மாசமெல்லாம் கேமரா கல்யாண மண்டபத்துல இருக்கும்" என்றேன். அவர் விழுந்து விழுந்து சிரித்தார். என் கிண்டல் உணர்வைப் பற்றி ஒரு பத்தி எழுதியும் விட்டார்.

வயலில் கட்டிலைப் போடும் துணிச்சல் எங்கிருந்து வந்தது என்றும் அவர் கேட்டார். அப்போது ஏதோ சொல்லி மழுப்பினேன். அது எனக்குத் தரங்கம்பாடியில் வந்தது. அதற்கு நான் பாயின் கடையில் இருந்த காலத்துக்குத் திரும்பிப் போக வேண்டும்.

தரங்கம்பாடியிலிருந்து பஸ் ஏறி வந்து கூத்தாநல்லூர்ச் சந்தையில் கருவாடு விற்பவர் காத்தாயி அம்மாள். பாய்க்கு நீண்ட நாள் பழக்கம். ஒரு மாசி மாதம் கூடை இல்லாமல் ஸ்டூடியோவுக்குள் வந்தார். கூடவே மருமகள் அஞ்சலை, அவள் இடுப்பில் ஒரு பெண்குழந்தை. காத்தாயியின் மகன் சிங்காரவேல் ஐப்பசியில் இன்னொருவரோடு கட்டுமரத்தில் கடலுக்குப் போயிருக்கிறார். காற்று திரும்பிவிட்டது. கூடப் போனவரின் உடல் கரை ஒதுங்கியது. சிங்காரவேலும் வரவில்லை, அவர் உடலும் வரவில்லை. பாய்க்குச் சந்தையில் பாதிக் கதைதான் காதில் விழுந்திருந்தது. அதனால் சர்பத் கொடுத்துவிட்டு வழக்கம்போல விளக்குக் கம்பத்துப் பக்கம் போய்க் கேட்டார்.

"காலோட வேணுமா, மார்போட போதுமா?"

"மார்போட" என்றார் காத்தாயி. "காலோட" என்றாள் அஞ்சலை. இரண்டும் ஒரே சமயத்தில் வந்தன.

பாயின் கை கம்பத்திலேயே நின்றுவிட்டது. அந்தக் கேள்விக்கு இரண்டு பதில் வந்து நான் அதுவரை பார்த்ததில்லை.

"எம் மவன் தண்ணியிலயே நிக்கிறான் பாய்" என்றார் காத்தாயி. "படத்தை மாட்டி, காரியம் பண்ணி, ஒரு வாய் சோறு எடுத்து வெச்சாத்தான் அவனுக்குப் பசி அடங்கும். சோத்துல கை வெக்கிறப்பல்லாம் அவன் பசியோட நிக்கிறது எனக்குத் தெரியுது. இவ விடமாட்டேங்குறா."

அஞ்சலை மாமியாரைப் பார்க்காமல் பாயைப் பார்த்துப் பேசினாள். "ஒடம்ப யாருங்க பாத்தா? இலங்கைப் பக்கம் ஒதுங்கி, புடிச்சு வெச்சிருந்து, ரொம்ப நாள் கழிச்சு வந்தவங்க எங்க ஊர்ல இருக்காங்க. மாலை போட்ட படம் சொவத்துல ஏறிட்டா அன்னிக்கே காரியம் பண்ணிடுவாங்க. என் தாலியும் பூவும் போயிடும். அப்புறம் அவரு வந்து வாசல்ல நின்னா, நான் எப்படிப் போயி அவரு முன்னாடி நிப்பேன்?"

யாரும் குரலை உயர்த்தவில்லை. சண்டை போட்டிருந்தால்கூட எங்களுக்கு எளிதாக இருந்திருக்கும். அவர் சொல்வதும் சரி, இவள் சொல்வதும் சரி. இரண்டு பேரும் ஒரே ஆளுக்காகத்தான் பேசினார்கள்.

சிங்காரவேலுக்கு இருந்தது ஒரே ஒரு படம். தரங்கம்பாடிக் கோட்டையைப் பார்க்க வந்த வெள்ளைக்காரர் யாரோ எடுத்து, பிறகு தபாலில் அனுப்பிவைத்தது. தோளில் வலை, வெற்று மார்பு, வெயிலுக்குக் கண்ணைச் சுருக்கிய சிரிப்பு. இடுப்போடு படம் முடிந்துவிட்டது. பாய் பழக்க தோஷத்தில் என் கால்களைப் பார்த்தார். அஞ்சலை அதைக் கவனித்துவிட்டாள்.

"இவரு காலயா வெப்பீங்க?" என்று கேட்டு, குனிந்து என் பாதங்களைப் பார்த்தாள். "இது வயக்காட்டுக் காலு. அவருது இப்படி இருக்காது."

என் கால்களை அப்படி ஒருவர் நிராகரித்தது அதுதான் முதல் தடவை. பாய், பாத்துக்கலாம், போய்ட்டு வாங்க என்று சொல்லி அனுப்பினார். அவர்கள் படியிறங்கியதும் என்னிடம், "நான் காலு வெச்சா பெத்தவ வயிறு எரியும். காலு வெக்கலன்னா இந்தப் பொண்ணு வாழ்க்கை போயிடும். எனக்குத் தெரிஞ்ச ட்ரிக்கு எல்லாம் தீந்துபோச்சு. நீதான் எல்லாத்தையும் தலைகீழாப் பாக்குற ஆளாச்சே, பாருப்பா" என்றார்.

அன்றைக்குச் சாயங்காலம் சிங்காரவேலின் படத்துக்கு ஒரு பிரதி எடுத்து, தண்ணீர்த் தட்டில் அலசிக்கொண்டிருந்தேன். ஈரத் தாள் தட்டின் ஓரத்தில் சாய்ந்து நின்றது. கீழ்விளிம்பு தண்ணீருக்குள், மற்றதெல்லாம் வெளியே. சிங்காரவேல் இடுப்பளவு தண்ணீரில் நின்று என்னைப் பார்த்துச் சிரித்தார். கையைத் துடைக்காமல் ஓடிப்போய்ப் பாயிடம் சொன்னேன். குடும்பம் மொத்தமும் கடலில் இறங்கி நின்றால் யாருக்குமே கால் தெரியாது. இருக்கிறவர் இல்லாதவர் என்று யாரும் பிரித்துச் சொல்ல முடியாது.

பாய் டீயை முழுக்கக் குடித்தார். "கேமரா நனைஞ்சா இங்க திரும்பி வராத. அங்கயே மீன் புடிச்சுப் பொழச்சுக்க" என்றார். சம்மதம் என்று அர்த்தம்.

தரங்கம்பாடிக்குப் போய் விஷயத்தைச் சொன்னேன். அஞ்சலை, "அவரு எங்களோட சேந்து நிப்பாருல்ல? அது போதும்" என்றாள். காத்தாயி கடலையே பார்த்துக்கொண்டிருந்தார். வேண்டாம் என்று சொல்லிவிடுவார் என்றுதான் நினைத்தேன். கடைசியில், "எம் மவன் நிக்கிற எடத்துல நானும் ஒருதடவை நின்னுட்டு வந்துடறேன்" என்றார்.

மறுநாள் காலை கடல் அடங்கியிருந்தது. வெள்ளைக்காரர் எடுத்த படத்தில் வெளிச்சம் இடது பக்கத்திலிருந்து விழுந்தது. அதற்குத் தோதாக, கடலிலிருந்து ஏறும் வெயில் இடப்பக்கம் வரும்படி, தெற்கே பார்த்துக் கேமராவைப் பிடித்தேன். தூரத்தில் கோட்டைச் சுவர் தெரிந்தது. நான் வாய்க்காலில் நீந்திப் பழகியவன், அலை வந்தால் கை கால் உதறும். ஊர்க்காரர்கள் இரண்டு பேர் ஆளுக்கொரு பக்கம் என் இடுப்பைப் பிடித்துக்கொண்டார்கள். "காவேரிக்காரரே, மூச்சை மட்டும் விட்டுட்டு இருங்க, மத்ததை நாங்க பாத்துக்கிறோம்" என்று ஒருவர் கேலி செய்தார்.

காத்தாயி ஒரு பக்கம், குழந்தையை வைத்துக்கொண்டு அஞ்சலை ஒரு பக்கம். "நடுவுல ஒரு ஆளுக்கு எடம் விட்டு நில்லுங்கம்மா" என்றேன். விட்டார்கள். அந்த இடத்தில் தண்ணீர் மட்டும் ஏறி இறங்கிக்கொண்டிருந்தது. நான் சொல்லாமலே காத்தாயி கையை உயர்த்தி, வெற்றிடத்தில் ஒரு தோள்மேல் வைப்பதுபோல நிறுத்தினார்.

"இன்னும் கொஞ்சம் மேல அத்தை" என்றாள் அஞ்சலை.

காத்தாயி மருமகளைப் பார்த்தார். கையைக் கொஞ்சம் மேலே ஏற்றினார். படம் எடுத்தேன்.

கடைக்குத் திரும்பி ஒரு வாரம் வேறு வேலை பார்க்கவில்லை. சிங்காரவேலின் உருவத்தைச் சரியான அளவில் பிரிண்ட் போட்டு, பிளேடால் ஓரம் பிசகாமல் வெட்டினேன். வெட்டிய விளிம்பு தடித்துத் தெரியும் என்பதால் தாளின் பின்பக்கத்தை உப்புத்தாளால் தேய்த்து, வெங்காயத் தோல் மாதிரி மெலிதாக்கினேன். கடல் படத்தின் மேல் ஒட்டி, இடுப்பைச் சுற்றித் தண்ணீர் மோதும் நுரையை மெல்லிய தூரிகையால் வரைந்தேன். பிறகு எல்லாவற்றையும் சேர்த்து மறுபடி படம் பிடித்தேன். ஒட்டியபோது கவனித்தேன், காத்தாயியின் கை அவர் தோளில் அப்படியே பொருந்தி உட்கார்ந்தது. நான் ஒரு இம்மியும் நகர்த்தவில்லை. பாய் பூதக்கண்ணாடி வைத்து வெகுநேரம் பார்த்தார். "அடுத்த தடவை உன் காலைக் கேக்க மாட்டேன்" என்று மட்டும் சொன்னார். அவர் என்னைப் பாராட்டியது அவ்வளவுதான்.

சட்டம் போட்டு வைத்திருந்த படத்தை வாங்கிப்போக மாமியாரும் மருமகளும் குழந்தையோடு வந்தார்கள். பாய் படத்தைத் துண்டால் துடைத்து மேஜை மேல் நிமிர்த்தி வைத்தார். அஞ்சலை பார்த்ததும் வாயைப் பொத்திக்கொண்டாள். குழந்தை சிங்காரவேலின் முகத்தைத் தொட்டுக் கண்ணாடியில் எச்சில் விரலைப் பதித்தது.

காத்தாயி மடியிலிருந்து ஒரு வாழையிலைப் பொட்டலத்தை எடுத்துப் பிரித்தார். நெருக்கிக் கட்டிய மல்லிகைச் சரம். படத்துக்குப் போடத்தான் வாங்கி வந்திருக்கிறார் என்பது எங்கள் எல்லாருக்கும் தெரிந்தது. அஞ்சலையின் முகம் இறுகிப்போயிற்று. தண்ணீரில் இறங்கி அவ்வளவு பாடுபட்டும் ஒன்றும் மாறவில்லையே என்று நினைத்துக்கொண்டேன்.

காத்தாயி சரத்தைச் சட்டத்தின் மேல்விளிம்பு வரை கொண்டுபோனார். கை அங்கேயே நின்றது. படத்தை இந்தப் பக்கத்திலிருந்து அந்தப் பக்கம் வரை ஒருமுறை பார்த்தார்.

"புள்ளயும் இதுல நிக்குதே" என்றார். "உசுரோட இருக்கிற புள்ள மேல எப்படிப் போடறது?"

சத்தியமாகச் சொல்கிறேன், அதை நாங்கள் யோசித்துச் செய்யவில்லை. பாயைப் பார்த்தேன். அவரும் என்னைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். காத்தாயி பூவைக் கையில் பிடித்தபடியே மகன் முகத்தைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

"சரி. அவன் சோத்தை நான் கடல்லயே கொண்டுபோயி வெச்சுக்கிறேன்" என்றார் கடைசியில். மருமகளின் தோளைத் தொட்டார். "நீ திரும்பு."

அஞ்சலைக்குப் புரியவில்லை.

"திரும்பு புள்ள. பூ வாடுது."

அவள் திரும்பி நின்றாள். காத்தாயி பேத்தியின் தலையிலிருந்து கொண்டை ஊசியை உருவி, சரம் முழுவதையும் மருமகளின் கொண்டையில் சுற்றி வைத்துக் குத்தினார்.